நான்குக்குப் பூஜ்ஜியம்

ஹார்லன் ஃபெரி, ஓஹாயோ
28 ஆகஸ்ட் 1983

அன்புள்ள கோர்டிக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. டீனாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. பதினொரு மணிக்கு உடம்பு சுட ஆரம்பித்து, இப்போதுதான் தணிந்து தூங்கினாள். தூங்கிய பிறகும் இரண்டு தடவை எழுந்து போய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். லைல் விழித்திருந்தால் சிரித்திருப்பார்.

உன் முதுகு எப்படி இருக்கிறது? குளிர் தொடங்குவதற்குள் இன்னொரு போர்வை கேட்டு வாங்கிக்கொள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

தண்டனை முடியும் முன்பே உன்னை வெளியே விடலாமா என்று பார்க்கும் பரோல் விசாரணை நவம்பர் பதினெட்டு என்று தாள் வந்துவிட்டது. 'வெளியே வந்தால் தங்கும் இடம்' என்ற கட்டத்தில் எங்கள் முகவரியை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முகவரி இல்லாதவனை விசாரணைக்கே கூப்பிடமாட்டார்களாம். அப்பாவும் அம்மாவும் போய்விட்ட பிறகு உனக்கு இந்த உலகத்தில் இருப்பது இந்த ஒரு முகவரிதான்.

அதில்தான் ஒரு சங்கடம். சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. இந்த வீடு எங்களுடையதல்ல, லைல் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் என்பதால் பள்ளி தரும் வீடு என்பது உனக்குத் தெரியும். ஆலை மூடியதிலிருந்து மாதம் இரண்டு குடும்பமாவது வேலை தேடி டெக்சஸுக்குக் கிளம்புகிறது. நாற்பது பேர் இருந்த அணியில் இப்போது பதினான்கு பையன்கள். பள்ளி மேற்பார்வையாளர் விட்லக் லைலைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்தப் பருவத்தின் ஒன்பது ஆட்டங்களையும் ஆடி முடித்தால் அணி இன்னொரு வருடம் இருக்கும். ஒன்றைத் தவறவிட்டாலும் அன்றோடு கலைத்துவிடுவார்கள், மிஞ்சிய பையன்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிக்குப் போக வேண்டியதுதான். அணி போனால் லைலின் வேலையும் வீடும் போகும்.

தோற்றாலும் பரவாயில்லையாம், கோர்டி. ஆடினால் போதுமாம். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் உதைக்குப் பதினொரு பேர் களத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பதினான்கு என்பது பதினொன்றைவிட மூன்று அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
நேடின்


மாநிலச் சிறை
6 செப்டம்பர் 1983

அன்பு நேடி,

உன் கடிதம் வந்தது. முதுகு முதுகாகவே இருக்கிறது. போர்வை கேட்டேன், சிரித்தார்கள். டீனாவின் பல் முழுதாக வந்துவிட்டதா? குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு நீ கொஞ்சம் மூச்சு விடு.

வீட்டு விஷயம் படித்தேன். லைல் பார்த்துக்கொள்வான், உன் கணவன் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் முடிவையும் எழுது. சும்மா 'தோற்றோம்' என்று எழுதினால் ஒப்புக்கொள்ளமாட்டேன். நான் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மேலே வென்றவர் புள்ளி, பக்கவாட்டில் தோற்றவர் புள்ளி. பள்ளி வைரவிழா மலரில் இருந்த அறுபது வருட ஆட்டங்களின் முடிவும் அதில் ஏறிவிட்டது. ஏழுக்குப் பூஜ்ஜியம் என்ற கட்டத்தில் மட்டும் இருபத்திரண்டு கோடுகள். சில கட்டங்களில் அறுபது வருடமாக ஒரு கோடுகூட இல்லை.

நீ காலேஜ்காரி, ஆனால் இதில் பூஜ்ஜியம். ஆகவே ஒரு முறை ஒழுங்காகக் கேள். பந்தைக் கையில் ஏந்தி ஓடி எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் ஆறு. அதற்குப் பின் ஒரு உதை கொடுப்பார்கள். அது கம்பங்களுக்கு நடுவே போனால் மேலும் ஒன்று. உதைக்காமல் மறுபடியும் ஓடியே உள்ளே போனால் இரண்டு. ஓட முடியாத இடத்தில் நின்று நேராக உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் மூன்று. கடைசியாக, பந்து வைத்திருப்பவனை அவனுடைய சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கி வீழ்த்தினால் மடக்கியவர்களுக்கு இரண்டு. அதற்கு சேஃப்டி என்று பெயர். இவ்வளவுதான் கணக்கு. அதனால்தான் சில எண்கள் தெருவில் போகிற வருகிற எல்லோரையும் போல வரும், சில எண்கள் வரவே வராது. ஒன்று என்பது தனியாக வரவே வராது. ஆறுக்குப் பின்னால் வாலாக மட்டும் வரும். அந்த வரிசை முழுவதையும் கறுப்பு மையால் அடித்துவிட்டேன்.

அறைத்தோழர் லூதர் ஆயுள் கைதி. தாளைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ப் பசங்க ஒரு புதுக் கட்டம் ரொப்புறதுக்குள்ள நான் விடுதலையாகிப் போயிடுவேன் தம்பி" என்றார்.

எப்படி எப்படிப் புள்ளி வந்தது என்று வரிசையாக எழுது.

கோர்டி


18 செப்டம்பர் 1983

அன்புள்ள கோர்டிக்கு,

நலமா? இங்கே டீனாவுக்குப் பல் வந்துவிட்டது, இப்போது காதைப் பிடித்து இழுக்கிறாள். காதில் சீழாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று ஆட்டம் முடிந்தது. மூன்றும் தோல்வி. முதல் ஆட்டம் ஐந்துக்குப் பூஜ்ஜியம். வரிசையாகச் சொல்கிறேன், பிழை இருந்தால் திட்டாதே. முதல் பாதியில் அவர்கள் நேராக உதைத்தது கம்பங்களுக்கு நடுவே போனது, மூன்று. கடைசியில் நம் பையன் பந்தோடு பின்னால் ஓடி ஓடி நம் எல்லைக்குள்ளேயே விழுந்தான், இரண்டு. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கிழவர் லைலிடம், "அஞ்சா? என்ன கோச், பேஸ்பால் ஆடுனீங்களா?" என்று கேட்டாராம். இரண்டாவது முப்பத்துநான்குக்கு எட்டு. மூன்றாவது இருபத்தேழுக்குப் பதிமூன்று. ஆனால் ஆடினோம். ஆறு மீதி.

பரோல் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வீட்டைப் பார்த்தார். துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் பின்னறையில் உனக்குக் கட்டில் போட்டிருக்கிறோம். கட்டிலை அழுத்திப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார். துப்பாக்கி உண்டா, மது உண்டா என்று கேட்டார். முந்தின இரவே லைல் இருந்த பீரையெல்லாம் தொட்டியில் கொட்டிவிட்டார். வந்தவருக்கு வாடை தெரிந்திருக்குமோ என்று இன்னமும் கவலைப்படுகிறேன். போகும்போது, "வீடு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார். பள்ளியின் பேரில் என்றேன். எதையோ எழுதிக்கொண்டார்.

ரீட் சகோதரர்கள் இருவரும் நேற்று ஹூஸ்டனுக்குப் போய்விட்டார்கள். பையன்கள் பன்னிரண்டு.

உன் நலத்தை விரிவாக எழுது. கட்டங்களின் நலத்தை அல்ல.

நேடின்


27 செப்டம்பர் 1983

அன்பு நேடி,

நான் நலம். நிஜமாகவே நலம். ஐந்துக்குப் பூஜ்ஜியம்! அறுபது வருடத்தில் அந்தக் கட்டம் காலி. இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டே கோடு போட்டேன். லூதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "தோத்ததுக்கா இந்தக் கூத்து?" என்றார். இங்கே எல்லா நாளும் ஒரே நாள் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கேயோ ஒரு வெள்ளிக்கிழமையில் இதுவரை நடக்காத ஒன்று நடந்தது என்பது போதாதா?

பின்னறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது? ஆற்றுப் பக்கமா? அதை எழுதாமல் விட்டுவிட்டாய். பன்னிரண்டு பேர் போதும். டீனாவின் காதுக்கும் என் முதுகுக்கும் ஒரே மருந்துதான், மறந்துவிடுவது.

கோர்டி


9 அக்டோபர் 1983

அன்புள்ள கோர்டிக்கு,

ஜன்னல் ஆற்றுப் பக்கம்தான் பார்க்கிறது. உன் நலம் கேட்டு அழகாக ஆரம்பிக்க நினைத்தேன், இன்றைக்கு மனம் வரவில்லை.

முதலில் கணக்கு. நாற்பத்தொன்றுக்கு ஆறு, இருபதுக்குப் பூஜ்ஜியம், நேற்று முன்தினம் மூன்றுக்கு இரண்டு. எல்லாம் தோல்வி. மூன்றுக்கு இரண்டில் நம்முடைய இரண்டு சேஃப்டி. அதைப் பெற்றுத் தந்தவன் டரில் நோவாக். உனக்கு அவனைத் தெரியாது, நீ போகும்போது அவன் சின்னப் பையன். பதினாறு வயது. அவன் அம்மா ஐரீன் பள்ளி உணவகத்தில் வேலை பார்க்கிறாள், செவ்வாய்க்கிழமைகளில் டீனாவைப் பார்த்துக்கொள்வாள். நான் வேறு யாரிடமும் டீனாவை விட்டதில்லை.

ஆட்டம் முடியும் நேரத்தில் டரில் தலை இடித்து விழுந்தான். தானே எழுந்து நடந்தான். பேருந்தில் வாந்தி எடுத்தான். எந்த ஊருக்குப் போகிறோம் என்று லைலை மூன்று தடவை கேட்டிருக்கிறான். மருத்துவர் மூன்று வாரம் களத்தில் கால் வைக்கக்கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொரு பையன் கணுக்கால் உடைந்து கட்டோடு இருக்கிறான். கோர்டி, மிச்சம் பத்துப் பேர்.

ஆட்டம் தொடங்கிய பிறகு அடிபட்டு வெளியேறினால் பத்துப் பேரோடும் ஒன்பது பேரோடும் ஆடலாம், விதி விடுகிறது. தொடங்கும்போதுதான் பதினொன்று வேண்டும். அந்த முதல் உதைக்கு மட்டும். லைல் நேற்று முழுவதும் பழைய வருடப் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். இசைக்குழுவில் ஊதுகிற பையனைக்கூடக் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. திங்கட்கிழமை விட்லக்கிடம் போய் ஆட முடியாது என்று சொல்லப்போகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

உன் விசாரணைக்கு இன்னும் நாற்பது நாள். அணி கலைந்தால் மாதக் கடைசியில் வீட்டைக் கேட்பார்கள். வீடு போனால் உன் தாளில் இருக்கும் முகவரியும் போய்விடும்.

டரில் எப்படி இருக்கிறான் என்று பார்க்க ஐரீன் வீட்டுக்கு ஒரு நடை போய் வர வேண்டும். கொஞ்சம் சூப் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்.

நேடின்


15 அக்டோபர் 1983

அன்புள்ள கோர்டிக்கு,

நலம். ஆடிவிட்டோம். வென்றோம். நான்குக்குப் பூஜ்ஜியம். இரண்டு சேஃப்டி. நல்ல மழை. உன் கட்டத்தில் போட்டுக்கொள்.

மற்றவை பிறகு.

நேடின்


20 அக்டோபர் 1983

என் தங்கமே நேடி,

நான்குக்குப் பூஜ்ஜியம்! உனக்குத் தெரியுமா, அது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆறும் இல்லை, மூன்றும் இல்லை. ஒரு ஆட்டம் முழுவதும் இரண்டு தரப்பிலும் ஒருத்தனாலும் எங்கேயும் போய்ச்சேர முடியவில்லை, எதிரியை அவன் வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை மடக்கியே வென்றிருக்கிறார்கள். இப்படி ஜெயித்த ஊர் எங்கே இருக்கிறது? சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேசையாகச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. லூதர் தன் பங்குக்கு வந்த பீச் பழத்துண்டுகளை என் தட்டில் போட்டுவிட்டு, "தோத்துட்டேன், தின்னுத் தொலை" என்றார். நம் பையன்கள் இந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட வெல்லமாட்டார்கள் என்று அந்தப் பழத்தைத்தான் பந்தயம் கட்டியிருந்தார்.

ஆனால் காலேஜ்காரி, உன் கடிதம் தந்தி மாதிரி இருக்கிறதே. யார் மடக்கினார்கள்? முதல் பாதியிலா, இரண்டாவதிலா? அது போக, பத்துப் பேர்தான் என்று எழுதியிருந்தாய். பதினொன்றாவது ஆள் யார்? இசைக்குழுப் பையன் வந்துவிட்டானா? அவன் பெயர் என்ன? அவனுக்கு என் சலாம் சொல்.

லைலைக் கட்டியணைத்தேன் என்று சொல். டீனா நலமா? இனி இரண்டே ஆட்டம்.

கோர்டி


1 நவம்பர் 1983

அன்பு நேடி,

அங்கே எல்லோரும் நலம்தானே? இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. டீனாவுக்குக் காய்ச்சலா? மீதி இரண்டு ஆட்டமும் முடிந்திருக்க வேண்டும். முடிவு தெரியவில்லை. லூதர், "வெற்றி விழாவுல ஆடிட்டு இருப்பாங்க, உன்னைய எங்க ஞாபகம் வரும்" என்கிறார். நானும் சிரித்து வைத்தேன்.

இன்னொன்று. நேற்று பரோல் அலுவலகத்தில் கேட்டேன். என் கோப்பில் முகவரிக்கு எதிரே 'சரிபார்க்கப்படுகிறது' என்று இருக்கிறதாம். செப்டம்பரிலேயே பார்த்தாயிற்றே, மறுபடி எதற்கு என்றேன். தெரியாது என்றார்கள். பதினேழு நாள் இருக்கிறது. ஒரு வரி எழுது.

கோர்டி


6 நவம்பர் 1983

கோர்டி,

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். குழந்தை நலம். நேடினுக்கு உடம்பு சரியில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

அக்டோபர் பதினான்காம் தேதி ஆட்டத்தில் பதினொன்றாவது ஆளாக டரில் நோவாக்கைக் களத்தில் நிறுத்தினேன். மருத்துவர் தடை செய்திருந்த பையன். நிறுத்தியது நான். மறுநாள் காலை அவனை எழுப்ப முடியவில்லை. தலைக்குள் இரத்தம் கட்டிவிட்டது, அறுவை செய்தார்கள். உயிர் இருக்கிறது. கண்ணைத் திறக்கிறான், அம்மாவை அடையாளம் தெரியவில்லை.

லீக் நம் வெற்றியை ரத்து செய்துவிட்டது. ஆடத் தகுதியில்லாதவனை இறக்கினால் அந்த ஆட்டத்தை ஆடாமலே விட்டுக்கொடுத்ததாக வைத்து, ஒன்றுக்குப் பூஜ்ஜியம் என்று எழுதுவது விதி. ஒன்று அவர்களுக்கு. அதன் பிறகு ஆட்டம் ஏதும் இல்லை. அணியைக் கலைத்துவிட்டார்கள். இருபதாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உன் தாளில் இருந்த முகவரி இனிச் செல்லாது என்று அலுவலகத்துக்கு நானே எழுதிவிட்டேன். அதைக் கடைசி நாளில் நீ தெரிந்துகொள்ளக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். நேடினிடம் எதையும் கேட்காதே.

லைல்


12 நவம்பர் 1983

நேடி,

நீ நலமாக இருக்க வேண்டும். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

விசாரணைப் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். அடுத்தது 1985 மே மாதம். எனக்குப் பரவாயில்லை. பதினெட்டு மாதம்தான்.

லைலின் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒன்று தனியாக வரவே வராது என்று உனக்குப் பாடம் எடுத்தேன் அல்லவா. லூதரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். தாளை எடுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

என்னை இங்கே கொண்டுவந்தது பாருக்கு வெளியே நான் அடித்த ஒரே அடி. அந்த ஆள் நடைபாதை விளிம்பில் தலை இடித்து விழுந்தான். விழுந்தவன் தானே எழுந்து உட்கார்ந்து, தொப்பி எங்கே என்று கேட்டான். நாங்கள் சிரித்தோம். அவன் செத்தது மறுநாள் மத்தியானம். அதனால் அந்தப் பையன் பேருந்தில் மூன்று தடவை ஊர்ப் பெயர் கேட்டான் என்று நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மருத்துவமனையில் கிடந்தபோது நான் வெற்றியைக் கொண்டாடினேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பதினேழு வயதில் என் கட்டைவிரல் வீங்கியிருந்ததை ஒளித்துவைத்து ஆடப் போனேன். பார்த்ததும் நேரே கோச்சிடம் போய்க் காட்டிக்கொடுத்தவன் லைல். அதற்காக ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அவன் இந்தப் பையனைத் தெரிந்தே நிறுத்தியிருக்கமாட்டான். எழுதியது அவன் கைதான். நடந்தது அதுவல்ல.

கேட்காதே என்கிறான். கேட்கிறேன். யார், நேடி?

கோர்டி


24 நவம்பர் 1983
மேலே தேதிக்குப் பக்கத்தில் ஊர் எழுதவில்லை, பார். உறையின் பின்புறம் இருப்பது இண்டியானாவில் லைலின் அக்கா வீட்டு முகவரி. அவர்கள் வீட்டின் நிலவறையில் இருக்கிறோம்.

அன்புள்ள கோர்டிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? டீனா நன்றாக இருக்கிறாள். நடக்கிறாள். இன்று நன்றியறிதல் நாள், மேலே எல்லோரும் வான்கோழி வெட்டித் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கிறார்கள். லைல் அந்த அறைக்குள் போகவில்லை. கொல்லையில் நின்று விறகு பிளந்துகொண்டிருந்தார். இப்போது தூங்குகிறார், அல்லது தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறார்.

நான்தான்.

பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை சாயங்காலம் சூப்பை எடுத்துக்கொண்டு ஐரீன் வீட்டுக்குப் போனேன். டரில் சமையலறை மேசையில் உட்கார்ந்து அம்மாவுக்கு முட்டைக்கோஸ் இலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பார்க்க நன்றாகவே இருந்தான். அதை நான் திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பார்க்க நன்றாகவே இருந்தான். தலைவலி இருக்கிறதா என்றேன், வெளிச்சம் பார்த்தால் மட்டும் என்றான். அம்மா அந்தப் பக்கம் திரும்பி அடுப்பில் இருந்தாள்.

பதினொரு பேர் விஷயத்தை ஐரீனிடம் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். அவளுக்கு உன்னைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். அழுதேன். அழ வேண்டும் என்று நினைத்து அழவில்லை, ஆனால் அழுதது உதவியது என்பதும் எனக்குத் தெரியும்.

"ஒரே ஒரு உதைக்கு நின்னா போதும் மிசஸ் நோவாக்," என்றேன். "விசில் ஊதினதும் வெளிய வந்து பெஞ்சில உக்காந்துடுவான். யாரும் அவனைத் தொடக்கூட மாட்டாங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "டாக்டர் தாளு?"

"அதெல்லாம் ஓடி ஆடுறதுக்குத்தான். சும்மா நிக்கிறதுக்கு இல்ல."

"நீ படிச்சவ," என்றாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உன் பிள்ளைன்னா களத்துல நிறுத்துவியா?"

கோர்டி, நான் நிறுத்துவேன் என்று சொன்னேன். இரவில் இரண்டு தடவை எழுந்து மூச்சு பார்க்கிற நான் சொன்னேன்.

லைலிடம் மருத்துவர் மறுபடி பார்த்துச் சரி என்றுவிட்டார் என்றேன். தாள் எங்கே என்று கேட்டார். ஐரீனிடம் இருக்கிறது, திங்கட்கிழமை கொடுப்பாள் என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நம்பினாரா, நம்ப விரும்பினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மழையில் டரில் முதல் உதைக்கு நின்றான். சொன்னபடி வெளியே வந்து உட்கார்ந்தான். லைல் அவன் தோளில் கம்பளி போர்த்தினார். மூன்று கால்பகுதி வரை எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. அவர்கள் பந்தைப் பின்னால் எறிந்தபோது அது வழுக்கி அவர்கள் எல்லையையே தாண்டிப் போய் விழுந்தது, அதுவும் சேஃப்டிதானாம், நமக்கு இரண்டு. பத்துப் பேரோடு இரண்டுக்குப் பூஜ்ஜியம். கூட்டம் எழுந்து நின்றது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கடைசிக் கால்பகுதியில் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டரில் கம்பளியை உதறிவிட்டு உள்ளே ஓடினான். யாரும் அனுப்பவில்லை. லைல் கத்தினார், மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கிய உடனேயே பந்து வைத்திருந்தவனை அவர்கள் எல்லைக்குள் வைத்து மடக்கினான். தலையால் போய் மடக்கினான். நீ கேட்டாயே, யார் மடக்கினார்கள் என்று. அந்த இரண்டாவது இரண்டு அவனுடையது.

சிரித்துக்கொண்டே எழுந்தான். எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். நானும் கை தட்டினேன்.

உனக்கு 'வென்றோம்' என்று எழுதியது மறுநாள் சாயங்காலம். அப்போது நான் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்திருந்தேன். விஷயம் தெரிந்துதான் எழுதினேன். ஒரு நாளாவது உனக்கு அது இருக்கட்டும் என்று எழுதினேனா, எழுதினால் அது மட்டுமே நடந்ததாக ஆகிவிடும் என்று எழுதினேனா, தெரியவில்லை.

லீக் ஆட்கள் விசாரித்தபோது லைல் நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "எனக்குத் தெரியும், நான்தான் நிறுத்தினேன்" என்றுவிட்டார். ஐரீன் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் வந்து கேட்டதைப் பற்றி எதுவும் சொல்லவும் இல்லை. போன வாரம் கிளம்பும் முன் மருத்துவமனைக்குப் போனேன். டரிலுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்தாள். "டீனா நடக்குறாளா?" என்று கேட்டாள். நடக்கிறாள் என்றேன். "நல்லது," என்றாள். டரில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், ஜன்னலைப் பார்ப்பது போல.

இப்போது நான் உன்னைக் கேட்க வேண்டியது இது. டிசம்பர் ஐந்தாம் தேதி லீக் குழு கூடுகிறது. லைல் இனி எந்தப் பள்ளியிலும் பயிற்சியாளராக இருக்கக்கூடாது என்று தீர்மானம் போடப்போகிறார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. நான் போய் உண்மையைச் சொன்னால் அவர் தப்பலாம். ஆனால் லைல் செய்தது என்று இருக்கும்வரை ஐரீன் தரப்பு வக்கீல் போடும் வழக்கு பள்ளியின் மேல்தான் போகும், நான்தான் என்று சொன்னால் அது என் பெயரில் வரும். உன் பரோல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில், யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். வழக்கு இருக்கிறவர் வீட்டை முகவரியாக எடுத்துக்கொள்ளமாட்டார்களாம். அப்படியானால் 1985 மே மாதமும் உனக்கு வாசல் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

லைலிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். விறகுக் கோடரியைக் கீழே வைக்காமல், "கோர்டிக்கு இருக்கறது ஒரே ஒரு வாசல். அதையும் மூடாத. நான் ஏதாச்சும் வேலை பாத்துக்குறேன்" என்றார். அதன் பிறகு பிளந்துகொண்டேயிருந்தார்.

எதைச் செய்தாலும் டரிலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உங்கள் இருவரில் ஒருவரை நான் இன்னொரு தடவை கெடுக்க வேண்டும். யாரை என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தீர்மானிக்கும் வேலையை உன் தலையில் போடுவது அடுத்த தப்பு என்றும் தெரிகிறது. தெரிந்தும் கேட்கிறேன்.

போர்வை கிடைத்ததா?

ஐந்தாம் தேதிக்கு முன் எனக்குக் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் எழுது.

நேடின்